கட்டாமல் விட்ட அணுமின் நிலையம்



"நீ என்னென்ன கட்டினேன்னு பசங்களுக்குச் சொல்லுடா" என்றார் நம் சங்கச் செயலாளர். கட்டாமல் விட்ட ஒன்றைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன்.

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் போடேகா ஹெட் என்றொரு கடல்முனை. பக்கத்து ஊரில்தான் ஹிட்ச்காக் 'தி பேர்ட்ஸ்' எடுத்தார். அந்த முனையில் அணுமின் நிலையம் கட்டப் போவதாக பசிபிக் காஸ் அண்ட் எலக்ட்ரிக் கம்பெனி 1961-ல் அறிவித்தது. 1906 நிலநடுக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவைச் சாய்த்த சான் ஆண்ட்ரியாஸ் பிளவு அங்கிருந்து ஏறக்குறைய 300 மீட்டர்தான்!

இருந்தும் உலைக்காக 70 அடி ஆழத்துக்குக் குழி தோண்டிவிட்டார்கள். ஹெட் என்றால் முனை, தலை இரண்டும்தானே? ஊர்க்காரர்கள் அந்தக் குழிக்கு 'தலையில் ஓட்டை' என்று பெயர் வைத்தார்கள். 1963-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பலூன்களைப் பறக்கவிட்டு, கதிரியக்கம் எங்கெல்லாம் போகும் என்று காட்டினார்கள்.

எனக்குப் பெரிய விஷயம் பலூன் இல்லை. அதே 1963-ல் அரசு நிலவியலாளர்கள் குழிக்குள் இறங்கிப் பார்த்தார்கள். குழியின் ஊடாகவே ஒரு பிளவு ஓடியது. கம்பெனி எஞ்சினியர்கள் சும்மா இருக்கவில்லை. நிலம் ஓரிரு அடி நகர்ந்தாலும் உலைக் கட்டடம் தாங்கும்படி, சுற்றிலும் அமுங்கக்கூடிய பொருளை நிரப்பும் டிசைன் ஒன்றைக் கொடுத்தார்கள். கெட்டிக்காரத்தனமான டிசைன்தான். 1964 அக்டோபரில் வல்லுநர் குழு 'சரி' என்றது; அணுசக்தி ஆணையத்தின் சொந்த அலுவலர்களோ, 'நடைமுறையில் சோதித்துப் பார்க்காததை நம்பி இங்கே கட்ட முடியாது' என்றார்கள். அக்டோபர் 30-ல் கம்பெனி திட்டத்தைக் கைவிட்டது.

1906 போன்ற நிலநடுக்கம் அங்கே மறுபடி வரவில்லை. "கட்டியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது சார்" என்பவர்களும் உண்டு. நானும் ஒருமுறை அப்படி நினைத்தவன்தான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தொழிற்சாலைக் கட்டடம். ஆறு போர்ஹோல் போட்டோம். நான்காவதில் மட்டும் நாலு மீட்டரில் கொழகொழவென்று களிமண். "ஒரு போர் தானேப்பா, ஆவரேஜ் எடுத்துக்கோ" என்றார் மேலாளர். ஷெட்யூல் நெருக்கடி. எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது, ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது மழைக்காலத்தில் அந்த மூலைத் தூண் இறங்கி, சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். உயிர்ச்சேதம் இல்லை. அன்று ராத்திரி ஷிப்ட் லீவு, அவ்வளவுதான் காரணம்.

போன வருஷம் வேலையாக அமெரிக்கா போனபோது போடேகாவுக்கும் போனேன். குழியில் தண்ணீர் நிறைந்து குளமாகிவிட்டது. ஒரு மணி நேரம் கரையில் உட்கார்ந்திருந்தேன். தொழிற்சாலை மூலைத் தூண்தான் கண்ணில் நின்றது.

அந்த நான்காம் போர் ரிப்போர்ட்டின் ஜெராக்ஸ், கம்பெனிப் பெயரை மறைத்து, கையோடு கொண்டுவந்திருக்கிறேன். இறுதியாண்டு மாணவர்கள் டீ நேரத்தில் வந்து பாருங்கள். கீழே இருப்பது என் கையெழுத்துதான்.