பெட்டியைத் திறக்குமுன்

இங்கிலாந்தின் அபிங்டன் நகரிலே 1962 முதல் 1980 வரை செய்யப்பட்ட எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் காரை வீட்டுக் கொட்டகையிலேயே பழுதுபார்ப்போர் இன்றும் உளர். அதன் கியர்ப்பெட்டியை எஞ்சினோடு சேர்த்தே தூக்கி வெளியே எடுப்பது முறை. ஆகையால், நோய் இன்னதென்று அறியாது கைவைப்பவர் அப்பெருவேலையை இருமுறை செய்ய நேரும்.

வண்டி ஓடும்போதே செவிகொடுத்துக் கேட்டல் முதற்கடமை. முதல் மூன்று கியர்களிலும் இரைந்து, நான்காவதில் ஓசை தணிந்தால், கீழ்த்தண்டின் பேரிங்குகளை ஐயுறலாம். ஏனெனில், நான்காவது கியரில் விசை அத்தண்டின்மீது சுமையாக விழாமல் நேரே செல்கின்றது. இரண்டாவது கியருக்கு மாற்றும்போது மட்டும் கரகரத்தால், சுழல்வேகங்களை ஒன்றாக்கும் வளையம் தேய்ந்திருக்கலாம். போட்ட கியர் தானே நழுவினால், அதனைப் பிடித்துநிறுத்தும் சுருள்வில் தளர்ந்ததோ, பற்கள் மழுங்கினவோ என்று பார்த்தல் வேண்டும்.

அடுத்து, எண்ணெயை வடித்து நோக்குக. பொன்னிறத் துகள் சிறிது காணப்படுதல் தேய்மானத்தின் இயல்பு. உருக்குச் சில்லுகள் கிடந்தாலோ, பல்லோ பேரிங்கோ சிதைகின்றதெனக் கொள்ளலாம்.

அதன் பின்னரே பெட்டியைத் திறத்தல் தகும். உறுப்புக்களைக் கழற்றிய ஒழுங்கிலேயே துணியிற் பரப்பி, ஒவ்வொன்றும் நோக்கிய திசையையும் குறித்துக்கொள்ளல் நன்று. ஓடும்போது கேளாத ஓசையைப் பிரித்து வைத்தபின் கேட்டறிதல் இயலாது.