இமைப்பொழுதின் இடைவெளி

புத்தளத்து உப்பளங்களை அறியாத நேயர் இலர். அங்கே ஓர் உப்புக் களஞ்சியம் இருப்பதாக எண்ணிக்கொள்க. உள்ளே 100 மூடை உப்பு, பேரேடு ஒன்று, கணக்கப்பிள்ளைகள் இருவர். ஒருவர் பேரேட்டைப் பார்த்து, 100 மூடை உண்டெனக் கண்டு, 80 மூடையை ஒரு வியாபாரிக்கு விற்கிறார். அதனை அவர் பதியுமுன்னரே மற்றவரும் அதே பக்கத்தைப் பார்த்து, வேறொருவருக்கு 80 மூடையை விற்றுவிடுகிறார். இருவரும் பொய் சொல்லவில்லை, கணக்கிலும் பிழையில்லை. ஆயினும் இல்லாத 60 மூடை விலைபோய்விட்டது. பார்த்தலுக்கும் பதிதலுக்கும் இடைப்பட்ட சிறு பொழுதே இதற்குக் காரணமாகும்.

கணினியிலும் இவ்வாறே நிகழ்கிறது. ஒரு மென்பொருளின் இரு பணிகள் ஒரே தரவை ஒரே வேளையில் கையாளும்போது, எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறுவதைப் ‘பந்தய நிலை’ என்பர். ஆயிரம் முறை சரியாக இயங்கி, அடுத்த முறை தவறுவது இதன் இயல்பு. ஆதலால் சோதனையில் எளிதில் அகப்படுவதில்லை.

2003 ஓகஸ்ட் 14ஆந் திகதி அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து மின் நிறுவனமொன்றில், அபாய அறிவிப்புக் கணினி இத்தகைய தவறினால் ஓசையின்றிச் செயலிழந்தது. மின்தொடர்கள் ஒவ்வொன்றாய் அறுபடுவதை ஊழியர் உரிய வேளையில் உணரவில்லை. அன்று மாலை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 5 கோடி மக்கள் மின்சாரம் இழந்தனர்.

புத்தளக் கரையோரத்தார்க்கு இது தொலைதூரக் கதையன்று. கற்பிட்டித் தீபகற்பத்தின் நுரைச்சோலையில், 900 மெகாவாட் திறனுள்ள அனல் மின்நிலையம் நிற்கிறது. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் எழுந்த கோளாறினால் நாடு முழுவதும் இருண்டபோது, நுரைச்சோலை இயந்திரங்களும் நின்றன. அன்றைய காரணம் மென்பொருளன்று. எனினும் ஓரிடத்துச் சிறு பிழை எத்துணைத் தூரம் பரவும் என்பதை அது காட்டிற்று.

பிழை தற்செயலாய் நேர்வது ஒருபுறம். அதனை அறிந்தவன் வேண்டுமென்றே பயன்படுத்துவது மற்றொருபுறம். களஞ்சியத்தின் குறையறிந்த வஞ்சகன் ஒருவன், இரு ஆட்களை ஒரே நொடியில் இரு கணக்கப்பிள்ளைகளிடமும் அனுப்புவான் அன்றோ?

2016இல் வெளிப்பட்ட ‘டேர்ட்டி கவ்’ என்னும் குறை அத்தகையது. அது லினக்ஸ் இயங்குதளத்தின் கருவில் இருந்தது. படிக்க மட்டும் உரிமையுள்ளவன் எழுத முற்பட்டால், மூலத்தைத் தராது நகலையே தருவது அக்கருவின் விதி. அந்நகற் பணியினிடையே வேறொரு பணியை மீண்டும் மீண்டும் புகுத்தினால், எழுத்து மூலத்தின்மேலேயே விழும். இவ்வழியாக ஒரு சாதாரணப் பயனர் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடிந்தது. லினக்ஸைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸ், அதனைப் பதினோராண்டுகளுக்கு முன்னரே திருத்த முயன்றதையும், அம்முயற்சி நிலைக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். அதே கரு கைத்தொலைபேசிகளிலும் பெருங்கணினிகளிலும் கூறாக அமைந்திருந்தமையால், ஓரிடத்துக் குறை எண்ணற்ற இடங்களின் குறையாயிற்று.

பரிகாரம் யாது? பேரேட்டை எடுத்தவர் பதிந்து முடிக்கும்வரை அதனைப் பிறர் தொடலாகாது. கணினியில் இதற்குப் ‘பூட்டு’ என்று பெயர். பார்த்தலும் பதிதலும் பிரிக்கவியலாத ஒரே செயலாக அமைதல் வேண்டும். பிறர் ஆக்கிய கூறுகளைப் பயன்படுத்துவோர், திருத்தம் வெளிவந்தவுடன் அதனைத் தம்மிடத்தும் ஏற்றல் வேண்டும்.

களஞ்சியத்தின் கதவு எத்துணை வலிதாயினும், பேரேடு இரு கைகளில் ஒருங்கே திறந்திருக்குமாயின் உப்பு தங்காது.