ஒரு பவுண்டு தானியம்

(காட்டாங்குளத்தூரில் நிகழ்த்திய இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தாத்தா இரட்டைமலை சீனிவாசன் நம் செங்கல்பட்டு மண்ணின் கோழியாளத்தில் பிறந்தவர். 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியதும், இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்ததும் இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக அவர் கழித்த ஆண்டுகளைப் பற்றித்தான் நாம் குறைவாகப் பேசியிருக்கிறோம். அந்த நாடு இந்த உரையின் நடுவில் ஒருமுறை வரும். என் பேச்சு சோற்றைப் பற்றியது. சரியாகச் சொன்னால், ஏழையின் சோற்றை யார், எந்தப் படியால் அளக்கிறார்கள் என்பதைப் பற்றியது.

அந்த அளவைக்கு ஒரு தொடக்கத் தேதி சொல்ல முடியும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று நம் ஆயாக்கள் சொல்வார்கள். 1877 தொடக்கத்தில் வைசிராய் லிட்டன், சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியைச் செலவைக் குறைப்பதற்காக இங்கே அனுப்பினார். நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும், மேலே கொஞ்சம் சில்லறையும் போதும் என்று அவர் முடிவு செய்தார். ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். மண்வெட்டி பிடித்து நாள் முழுக்க மண் சுமக்கும் உடம்புக்கு 450 கிராம். மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்தார். தானியத்தின் அளவும் போதாது, அரிசியோடு பருப்பும் வேண்டும், இல்லையென்றால் உழைக்கிறவனின் சதை கரையும் என்பது அவருடைய வாதம். கூலிகளும் சும்மா இருக்கவில்லை; பல இடங்களில் அந்தக் கூலிக்கு வேலை செய்ய மறுத்தார்கள். வெள்ளைக்கார மருத்துவர் எழுதியது ஆவணத்தில் இருக்கிறது, மறுத்த கூலிகளின் பெயர்கள் இல்லை. நமக்கு அது பழக்கப்பட்டதுதான்.

அந்தப் பஞ்ச வேலையில்தான் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய் வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆனது. மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் அதன் கரையோரம் குடிசை போட்டு மூன்று, நான்கு தலைமுறை வாழ்ந்தவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். 2022 மே மாதம் அந்தக் கால்வாய்க் கரையிலுள்ள இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்துபோனார். கஞ்சிக்காகக் கால்வாய் வெட்டியவர்களின் சனத்தை அந்தக் கரை ஆக்கிரமிப்பாளர்கள் என்று சொல்லி அனுப்பியது. அனுப்பிய இடங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்.

இடமாற்றத்தை நாம் வீட்டுப் பிரச்சினையாகவே பேசிக்கொண்டிருக்கிறோம். சமூகவியல் படித்தவர்களும் ‘வாழ்வாதார இழப்பு’ என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது அடுப்பின் பிரச்சினையும்தான். பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் குடியிருக்கும் ஒரு அக்கா என்னிடம் கணக்குப் போட்டுக் காட்டினார். கால்வாய்க் கரையில் இருந்தபோது வீட்டு வேலைக்கு நடந்தே போவார். நடுவில் வீட்டுக்கு வந்து பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டுத் திரும்பிப் போவார். சாயங்காலம் கடற்கரையில் மிஞ்சிய மீனை விலை குறைத்துக் கொடுப்பார்கள். நெத்திலியோ காரப்பொடியோ ஏதோ ஒன்று குழம்பில் விழும். இப்போது அதே வீடுகளுக்கு வேலைக்குப் போக விடியுமுன் கிளம்புகிறார். மகளிருக்குப் பேருந்து இலவசம், அதனால் காசு போகவில்லை, நேரம் போகிறது. திரும்பி வரும்போது இருட்டிவிடும், லிஃப்ட் வேலை செய்யாத நாளில் ஏழு மாடி ஏற வேண்டும். அதற்கப்புறம் மீன் ஆய எந்தக் கைக்குத் தெம்பு இருக்கும்? பிள்ளைகள் பத்து ரூபாய் நூடுல்ஸ் பாக்கெட்டையும் சிப்ஸையும் தின்றுவிட்டுத் தூங்கியிருப்பார்கள். “வீடு குடுத்தாங்க, கொழம்ப எடுத்துக்கிட்டாங்க” என்றார்.

தென்னாப்பிரிக்கா இந்த இடத்தில்தான் வருகிறது. கேப்டவுன் நகரின் நடுவே ‘மாவட்டம் ஆறு’ என்று ஒரு பகுதி இருந்தது. 1966இல் அதை வெள்ளையருக்கு மட்டுமான பகுதி என்று நிறவெறி அரசு அறிவித்தது. 60,000 பேருக்கு மேல் அப்புறப்படுத்தி, நகரத்துக்கு வெளியே ‘கேப் ஃபிளாட்ஸ்’ என்ற மணல்வெளியில் கொண்டுபோய் வைத்தார்கள். வேலை நகரத்தில், வீடு மணல்வெளியில். இன்றைக்கும் காசநோயும் சத்துக்குறைவும் அந்தப் பகுதியை விட்டுப் போகவில்லை. அங்கே அதற்கு நிறவெறி என்று பெயர் சொல்லிச் சட்டம் போட்டார்கள். இங்கே நகர அழகு, ஆற்றுச் சீரமைப்பு, வெள்ளத் தடுப்பு என்கிறோம்.

சரி, ரேஷனுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் ரேஷன் எல்லோருக்குமானது, 2011 முதல் அரிசி இலவசம். இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். இந்த அரிசி இல்லையென்றால் இந்த அரங்கில் பாதிப் பேர் படித்திருக்கவே மாட்டோம். ஆனால் பருப்பைப் பாருங்கள். ஒரு கார்டுக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு. நான்கு பேர் உள்ள வீடு என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம் சொச்சம். அதிலிருந்து கிடைக்கும் புரதம் இரண்டு கிராம்கூட முழுசாக வராது. வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 46 கிராம் புரதம் வேண்டும் என்பது ஐசிஎம்ஆர் கணக்கு. மீதியைக் காசு போட்டு வாங்க வேண்டும். கடையில் வாங்கும் முதல் பொருள் பருப்பும் முட்டையும் அல்ல. கேன் தண்ணீர்தான். பொதுக் கிணற்றிலும் குளத்திலும் எல்லோரும் தண்ணீர் எடுக்கலாம் என்று 1924இல் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் தாத்தா. நூறு வருஷம் கழித்து, குடிக்கிற தண்ணீர் விலை கொடுத்தால்தான் வருகிறது.

விளைவு உடம்பில் தெரிகிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதே வயதுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தை. குழந்தைகளின் சோகை முந்தைய கணக்கெடுப்பில் 50.7 விழுக்காடு, இதில் 57.4. பஞ்சம் என்றால் எலும்பும் தோலுமான படம்தான் நம் நினைவுக்கு வருகிறது. இன்றைய நகரத்துப் பசி அப்படி இருக்காது. அரிசியால் ஊதிய உடம்பும் வெளுத்த கண்ணும் சர்க்கரை மாத்திரையுமாக மின்சார ரயிலில் நம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும்.

அந்த ரயில் சானடோரியத்தில் நிற்கும். தினமும் ஏறி இறங்குகிறோம், பெயரைக் கவனிப்பதில்லை. 1928இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய காசநோய் மருத்துவமனையின் பெயர் அது. டிபிக்கு மருந்து இல்லாத காலம். நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை, கறி, இவைதான் அன்றைய வைத்தியம். பிறகு மருந்து வந்தது. 1956இல் சென்னையில் காசநோய் வேதிச் சிகிச்சை மையம் தொடங்கியது. நகரத்து ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவை மருத்துவமனையில் சேர்த்து நல்ல சாப்பாடு கொடுத்தும், இன்னொரு பிரிவை அவரவர் குடிசையிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பிரிவுகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். 1959இல் வெளியான இந்த ஆய்வு உலகம் முழுக்க டிபி வைத்தியத்தை மாற்றியது. ஆப்பிரிக்காவின் ஏழை நாடுகளும் சானடோரியம் கட்டக் காத்திருக்காமல் வீட்டிலேயே மருந்து கொடுக்க முடிந்தது இதனால்தான். பெரிய சாதனை, சந்தேகமில்லை.

ஆனால் அரசுகள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு. மருந்து இருந்தால் போதும், சாப்பாடு முக்கியமில்லை. அந்த ஆய்வு கேட்ட கேள்வி, மருந்து குடிசையிலும் வேலை செய்யுமா என்பது. அந்தக் குடிசைக்கு டிபி ஏன் வந்தது, ஒருவர் குணமானபின் அதே வீட்டில் அடுத்தவருக்கு ஏன் வருகிறது என்று அது கேட்கவில்லை. டிபி கிருமி உடம்பில் உறங்கிக் கிடக்கும் மனிதர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். சத்தில்லாத உடம்பில்தான் அது எளிதாக எழுகிறது.

இந்தக் கேள்வியைக் கேட்க அறுபது வருஷம் ஆயிற்று. ஜார்க்கண்டில் ஓர் ஆய்வு நடத்தினார்கள், முடிவுகள் 2023இல் வெளிவந்தன. டிபி நோயாளியோடு ஒரே வீட்டில் வாழும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவினருக்கு மட்டும் வளர்ந்த ஆள் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ துவரம் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அந்தப் பிரிவில் புதிதாக டிபி வருவது 39 விழுக்காடு குறைந்தது. தொற்றைப் பரப்பும் நுரையீரல் டிபி கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. தடுப்பூசி அல்ல தோழர்களே, பருப்பு. அளவைக் கவனியுங்கள். அங்கே ஒரு ஆளுக்கு ஒன்றரைக் கிலோ, இங்கே ஒரு கார்டுக்கு ஒரு கிலோ. 1877இல் கார்னிஷ் எழுதியதை அறிவியல் ஜார்க்கண்டு வழியாகச் சுற்றிவந்து உறுதிசெய்திருக்கிறது.

நோயாளிக்கு ஒன்றிய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000. தமிழ்நாட்டில் 2022 முதல், உடம்பு மிகவும் நலிந்த நோயாளிகளைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்து மருத்துவமனையில் சேர்க்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டம் நடக்கிறது. நல்ல திட்டம். ஆனால் பணம் நோயாளியின் கணக்குக்கு வருகிறது, பானை வீட்டுக்கெல்லாம் பொதுவானது. நோயாளியின் தட்டில் மட்டும் முட்டை வைத்துவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்ல எந்த அம்மாவால் முடியும்?

முட்டைக்கும் நம் ஊரில் ஒரு வரலாறு இருக்கிறது. 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தியாகராயர் காலத்தில் சிற்றுண்டி, காமராசர் காலத்தில் மதிய உணவு, 1982இல் எம்ஜிஆரின் சத்துணவு. சத்துணவில் முட்டை 1989இல்தான் வந்தது, அதுவும் இரண்டு வாரத்துக்கு ஒன்று. வாரம் ஐந்து முட்டை என்றானது 2010இல். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தை நான் மனதார வரவேற்கிறேன். பசியோடு பள்ளிக்குப் போன எவருக்கும் அதன் அருமை தெரியும். ஆனால் அதன் பட்டியல் உப்புமா, கிச்சடி, பொங்கல். ரவை, சேமியா, அரிசி. காலையிலும் மாவுச்சத்துதான். தமிழ்நாட்டில் புலால் உண்ணாதவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை என்று 2014ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு சொல்கிறது. அப்படியிருந்தும் பொதுச் சமையல் என்றதும் சைவம் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மாட்டுக்கறியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஏழைக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கும் இரும்பும் புரதமும் அதுதான். என் ஆயா கறியை உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்து உப்புக்கண்டம் போடுவார், மழைக்காலம் முழுக்க வரும். இன்று ஊரப்பாக்கத்திலிருந்து மறைமலைநகர் வரை வாடகை வீட்டுப் பலகைகளைப் படித்துக்கொண்டே போங்கள். ‘சைவம் மட்டும்’ என்று எத்தனை பலகைகள். அசைவம் சமைக்கலாம் என்று சொல்லும் வீட்டுக்காரரும் ‘எந்தக் கறி’ என்று ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து உப்புக்கண்டம் போடுவதை விட்ட குடும்பங்கள் நம்மில் இருக்கின்றன. சோகைக்கு அரசு இரும்பு மாத்திரை தருகிறது. வீட்டுக்காரருக்கு என்ன மாத்திரை தருவது?

2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் நம்மவர்கள். தனியாருக்குக் கொடுக்காதே, பணி நிரந்தரம் செய் என்று கேட்டார்கள். 13ஆம் தேதி இரவில் அவர்களைக் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். மறுநாள் அமைச்சரவை அறிவித்த நலத்திட்டங்களில் ஒன்று, தூய்மைப் பணியாளர்களுக்கு இலவசக் காலை உணவு. சாப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விடிகாலையில் வெறும் டீயோடு தெருவில் இறங்குகிறவர்களுக்கு அது தேவைதான். ஆனால் என்ன சாப்பிடுவது என்பதைத் தானே முடிவுசெய்கிற அளவுக்குக் கூலி கேட்டவருக்குத் தட்டில் போட்டுத் தரும்போது, டெம்பிள் துரையின் படி இன்னும் கைமாறவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

கடைசியாக நம் ஊர் விஷயம். காட்டாங்குளத்தூர் பார்ப்பதற்கு நகரம். நகர வாடகையும் நகர விலைவாசியும் நமக்கு உண்டு.  நம் உள்ளாட்சிக்கு மூன்று தீர்மானங்களை எழுதிக் கொடுப்போம். ரேஷனில் பருப்பை, கார்டுக்கு இவ்வளவு என்றில்லாமல் ஆளுக்கு இவ்வளவு என்று அளக்க வேண்டும். காலை உணவில் முட்டை வேண்டும். டிபி உள்ள வீட்டில் நோயாளிக்கு மட்டுமன்றி வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் அரிசியும் பருப்பும் கொடுக்க வேண்டும். வாசகங்களைத் தட்டச்சு செய்து கொண்டுவந்திருக்கிறேன், வாசலில் தோழர்கள் வைத்திருக்கிறார்கள். போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். உங்கள் வீட்டுக் கார்டில் எத்தனை பேர் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.