எழுத்தைப் பாவிக்க ஒரு சீட்டு



மன்னாரிலிருந்து பூநகரிப் பக்கம் போகும் ஏ-32 பாதையில் விடத்தல்தீவைக் கடக்கிறவர்கள் கடலையும் கண்டல் காட்டையும் பார்த்துக்கொண்டு போவார்கள். என் கண் போவது பெயர்ப்பலகைகளில். கடைப் பெயர், மீனவர் சங்க அறிவித்தல், திருவிழாப் பதாகை, மதிலில் ஒட்டிய மரண அறிவித்தல் எல்லாவற்றிலும் இருக்கும் எழுத்தை யாரோ ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். அந்த எழுத்துக்கு உரிமையாளர் உண்டு. அதைப் பாவிக்க அனுமதியும் உண்டு. அந்த அனுமதியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இது பெரிய கொம்பனிகளின் விடயம், கருவாட்டுப் பைக்கட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று விட்டுவிடாதீர்கள். ஊரில் நாலைந்து பெண்கள் சேர்ந்து கருவாட்டைப் பைக்கட் பண்ணி விற்கத் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். லேபல் வேண்டும். மன்னார் பட்டினத்தில் கணினி வேலை செய்கிற ஒரு தம்பியிடம் போகிறார்கள். அவர் இணையத்தில் கிடந்த அழகான தமிழ் எழுத்துரு ஒன்றை இறக்கி, பின்னேரத்துக்குள் லேபலைச் செய்து கொடுத்துவிடுகிறார். பைக்கட் முதலில் ஊர்க் கடைக்குப் போகிறது, பிறகு கொழும்புக்கு, பிறகு ரொறன்ரோவில் ஒரு தமிழ்க் கடைக்கு. ஒருநாள் ஒரு மின்னஞ்சல் வருகிறது. 'இந்த எழுத்து எங்களுடையது. வியாபாரத்துக்குப் பாவிக்க உங்களுக்கு யார் அனுமதி தந்தது?' லேபலில் இருப்பது அந்தப் பெண்களின் பெயர். ஆகவே கடிதமும் அவர்களைத் தேடித்தான் வரும், தம்பியைத் தேடி வராது.

எழுத்துக்கு ஏன் உரிமை என்று கேட்பவர்களுக்கு அதன் வேலையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். தமிழில் உகர வரிசையை மட்டும் எடுத்துப் பாருங்கள். 'கு'வில் கோடு வளைந்து சுற்றிக்கொண்டு வரும். 'சு'வில் காலாக நேரே கீழே இறங்கும். 'து'வில் வலப்பக்கம் மேலே எழும். ஒன்றைப் போல ஒன்று இல்லை. 18 மெய்க்கும் உகரத்தில் 18, ஊகாரத்தில் 18, ஆக 36 வடிவங்களைத் தனித்தனியே வரையவேண்டும். 'டி', 'டீ' வேறு. ஜ, ஷ, ஸ, ஹ வேறு. பிறகு எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எந்த எழுத்து வந்தால் எவ்வளவு இடம் விடுவது என்று ஒவ்வொரு சோடியாகப் பார்க்கவேண்டும். தடித்த எழுத்து வேண்டுமென்றால் மெல்லிய எழுத்தை ஊதிப் பெருப்பிக்க முடியாது. ஊதினால் 'ஞ'வின் வயிறு அடைபட்டுப் போகும். எல்லாவற்றையும் திரும்ப வரையவேண்டும். இது சும்மா கிடைத்த பொருள் அல்ல.

ஈய எழுத்துக் காலத்தில் இந்தச் சிக்கல் இருக்கவில்லை. தமிழ் எழுத்தை அச்சுக்கென்று 1577இல் கோவாவில் வார்த்தார்கள். மறு ஆண்டு கொல்லத்தில் மீண்டும் வார்த்தார்கள். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' நூலைத் தமிழில் ஆக்கிய அன்றிக்கே அன்றிக்கஸ் அடிகளார் முத்துக்குளித்துறையிலும் இந்த மன்னார்ப் பக்கத்திலும் பணி செய்தவர். அன்று தொட்டு ஏறக்குறைய நானூறு ஆண்டுகள், எழுத்து என்பது கையில் பிடிக்கிற சாமான். அச்சகக்காரர் அதை நிறுத்து வாங்குவார். வாங்கினால் அவருடையது. தேய்ந்தால் உருக்கலாம், பக்கத்து அச்சகத்துக்கு விற்கலாம். கணினி எழுத்து தேயாது. ஒரு நொடியில் ஆயிரம் பிரதி எடுக்கலாம். ஆகவே அதை ஆக்கியவர் சாமானை விற்பதில்லை, பாவிக்கும் அனுமதியை விற்கிறார். பஸ் டிக்கட்டைப் போலத்தான். மன்னாருக்கு எடுத்த டிக்கட்டில் வவுனியாவுக்குப் போக முடியாது.

அப்படியானால் எது மன்னார், எது வவுனியா? பெரும்பாலான எழுத்துரு நிறுவனங்கள் முதலில் விற்பது கணினியில் நிறுவிப் பாவிக்கும் அனுமதி. எத்தனை கணினி அல்லது எத்தனை பேர் என்று அதில் எண்ணிக்கை இருக்கும். அதைக்கொண்டு லேபல் அடிக்கலாம், பதாகை அடிக்கலாம், துண்டுப்பிரசுரம் போடலாம். அதே எழுத்தை இணையத்தளத்தில் ஏற்ற வேறு அனுமதி. மாதம் எத்தனை தடவை பக்கம் பார்க்கப்படுகிறது என்று கணக்குப் பார்த்து விலை போடுவார்கள். கைத்தொலைபேசிச் செயலிக்குள் வைக்க இன்னொன்று, மின்னூலுக்குள் வைக்க இன்னொன்று. வணிகச் சின்னமாகப் பதியும் எழுத்துக்கென்று தனிக் காசு கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் நிபந்தனை மாறும் என்பதால், வாங்குகிற எழுத்துருவோடு வரும் பத்திரத்தை வாசிக்காமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.

எண்ணிக்கை விடயத்தில் பெரிய இடங்களும் மாட்டியிருக்கின்றன. 2009இல் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி நிறுவனத்தின்மேல் ஃபொன்ட் பியூரோ என்ற எழுத்துரு நிறுவனம் வழக்குப் போட்டது. ஒரு சில கணினிகளுக்கு வாங்கிய அனுமதியை வைத்துக்கொண்டு அதற்கு மேலான கணினிகளில் பாவித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. கேட்ட நட்டஈடு 20 இலட்சம் டொலர். அடுத்த ஆண்டு பிரான்சில் நடந்தது இன்னும் பெரிய பாடம். இணையத்தில் திருட்டுப் பிரதி எடுப்பதைத் தடுக்கவென்று அரசே அமைத்த நிறுவனம் ஹடோப்பி. 2010 ஜனவரியில் அது வெளியிட்ட சின்னத்தில், ஃபிரான்ஸ் டெலிகொம் நிறுவனத்துக்கென்றே தனியாக வரைந்துகொடுத்த எழுத்து இருந்தது. அதை வரைந்த ழோன்-ஃபிரான்சுவா போர்ஷே கண்டுபிடித்துச் சொன்னார். சின்னத்தை வேறு எழுத்தில் மாற்றவேண்டி வந்தது. சட்டத்தைக் காக்கும் இடத்திலேயே யாரும் 'இந்த எழுத்து எங்கேயிருந்து வந்தது' என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கம் நமக்கு வரவேண்டும் என்றுதான் இவ்வளவும் சொல்கிறேன்.

இப்போது வடிவமைப்புச் செய்கிற தம்பி, தங்கச்சிமாருக்கு. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அனுமதி உங்களுக்குத்தான். அதில் லேபலைச் செய்து, அச்சுக்குத் தயாரான பி.டி.எஃப். கோப்பை வாடிக்கையாளருக்குக் கொடுப்பதைப் பெரும்பாலான அனுமதிகள் ஏற்கும். எழுத்துருக் கோப்பையே வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவது வேறு விடயம். அது இன்னொரு பிரதி. அதைக் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. பதாகை அடிக்கிற கடைகளில் 'கேர்வ் பண்ணி அனுப்புங்கோ' என்று சொல்வார்களே, கோரல்ட்ரோவில் எழுத்தைக் கோடுகளாக மாற்றி அனுப்புவது, அதுதான் நல்ல வழி. அச்சகத்தில் எழுத்து மாறிப்போகும் பயமும் இல்லை, எழுத்துருவைக் கைமாற்றும் தேவையும் இல்லை. அடோபி மென்பொருள் நிறுவனத்தின் சந்தாவோடு கிடைக்கும் எழுத்துகளைப் பாவிக்கிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். சந்தா நின்றால் அந்த எழுத்துகள் உங்கள் கணினியிலிருந்து விலகிவிடும். ஏற்கெனவே அச்சடித்ததற்குப் பிரச்சினை இல்லை. ஆனால் அடுத்த வருஷம் அதே லேபலில் ஒரு விலையை மாற்றப்போனால் எழுத்து இருக்காது.

விண்டோஸ் கணினியோடு வரும் லதா, நிர்மலா போன்ற தமிழ் எழுத்துகளைப் பலர் பாவிக்கிறோம். அவற்றில் கடிதமும் லேபலும் அடித்து விற்கத் தடை இல்லை. அந்தக் கோப்பைப் பிரதி எடுத்து வேறு கணினிக்கோ இணையத்தளத்துக்கோ கொண்டுபோகத்தான் கூடாது.

ஆகக் கூடுதலாக நம் ஆட்கள் தவறுகிற இடம், இணையத்தில் இலவசம் என்று போட்டிருக்கும் எழுத்துகள். கீழே சின்ன எழுத்தில் 'சொந்தப் பாவனைக்கு மாத்திரம்' என்று இருக்கும். பிறந்தநாள் வாழ்த்து செய்யலாம். கருவாட்டுப் பைக்கட் செய்யக்கூடாது. இறக்கிய கோப்பில் வலது பக்கம் சொடுக்கி 'புரோப்பர்ட்டீஸ்' திறந்து 'டீட்டெயில்ஸ்' பாருங்கள். பெரும்பாலும் அங்கே உரிமையாளர் பெயர் இருக்கும். ஆவணத்துக்குள் எழுத்தைப் பதிக்கலாமா இல்லையா என்றும் இருக்கும். ஒன்றுமே இல்லாவிட்டால் அதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். யாருடையது என்று தெரியாத எழுத்து அது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் பாமினியைச் சொல்லாமல் போக முடியாது. இலங்கையில் ஒரு தலைமுறையே பாமினியில் தட்டச்சுப் பழகியது. நெகிழ்தட்டில் போய், இறுவட்டில் போய், பென்டிரைவில் போய்க் கைக்குக் கை பரவிய எழுத்து. போர்க்காலத்தில் வடக்கில் பத்திரிகையும் பள்ளிக்கூட வினாத்தாளும் நின்றுபோகாமல் வந்ததில் இப்படியான எழுத்துகளுக்குப் பங்கு உண்டு. அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் அவை யூனிகோட்டுக்கு முந்திய முறையில் அமைந்தவை. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் இருக்காது, ஆங்கில எழுத்துகளும் குறிகளும் சிதறிக் கிடக்கும். கைமாறி வந்த பிரதிகளில் உரிமைப் பத்திரம் இருப்பதும் அரிது. புதிதாக ஒரு வியாபாரம் தொடங்குகிறவர் அதில் தொடங்கத் தேவையில்லை.

தேவையில்லை என்று துணிந்து சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இன்று தமிழில் நல்ல எழுத்துகள் திறந்த உரிமையோடு கிடைக்கின்றன. எஸ்.ஐ.எல். என்ற அமைப்பு 2005இல் வெளியிட்டு 2007இல் திருத்திய திறந்த எழுத்துரு உரிமம் ஒன்று இருக்கிறது. அதன்கீழ் வரும் எழுத்தை எத்தனை கணினியிலும் போடலாம். லேபல், பதாகை, இணையத்தளம், செயலி எதிலும் பாவிக்கலாம். விற்கிற பொருளிலும் போடலாம், காசு இல்லை. நண்பருக்கும் உரிமத்தோடு சேர்த்துக் கொடுக்கலாம். எழுத்துருவை மட்டும் தனியாக எடுத்து விற்கக்கூடாது. மாற்றம் செய்து வெளியிட்டால் அதே உரிமத்தில்தான் வெளியிடவேண்டும். ஆக்கியவர் தனக்கென்று ஒதுக்கிய பெயரை அதற்கு வைக்கக்கூடாது. அந்த எழுத்தில் நீங்கள் செய்த லேபல் முழுக்க உங்களுடையது.

இப்படிக் கிடைப்பவற்றில் பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரான் இருக்கிறது. மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை ஒன்பது தடிப்புகளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து வரும். எக் டைப் குழுவின் முக்தா மலரும் பலூ தம்பியும் இருக்கின்றன. நம் நாட்டுக்காரரான தாரிக் அஸீஸ் ஆக்கிய பவனமும் கவிவாணரும் இருக்கின்றன. கவிவாணர் கையால் சாய்த்து எழுதியது போலிருக்கும்; ஊர்ப் பொருளுக்கு நன்றாகப் பொருந்தும் என்பது என் எண்ணம். கொழும்புக் கடைக்குப் போகிற பொருளென்றால் சிங்களமும் வேண்டும். அதற்கு அபய லிப்ரே இருக்கிறது. புஷ்பானந்த ஏக்கநாயக்க வரைந்த பழைய அபய எழுத்தை யூனிகோட்டுக்குக் கொண்டுவந்து திறந்த உரிமத்தில் தந்தவர்கள் கொழும்பு மூனியாக் குழுவினர். கூகுள் எழுத்துருத் தளத்தில் இவை எல்லாவற்றையும் எடுக்கலாம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் உரிமம் எழுதியிருக்கும்.

காசு கொடுத்து வாங்குவதும் நல்லதுதான். உங்கள் பொருளுக்கென்று தனி முகம் வேண்டுமென்றால் வாங்குங்கள், அல்லது தமிழ் எழுத்து வரைகிற ஒருவரிடம் கேட்டு அந்தப் பெயரை மட்டும் கையால் வரைவித்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்தை வரைந்து சீவிக்கக்கூடியவர்கள் மிகக் குறைவு. நாம் திருட்டுப் பிரதியில் திருப்திப்பட்டால் அந்தக் குறைந்த தொகையும் இல்லாமல் போகும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்கும் பதிப்புரிமைப் பாதுகாப்புக் கொடுக்கிறது. அதற்குப் பதிவு தேவையில்லை, ஆக்கிய கணத்திலிருந்து உரிமை உண்டு. எழுத்தின் வெறும் வடிவத்துக்கு உரிமை உண்டா என்பதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு இருக்கிறது. அமெரிக்காவில் வடிவத்துக்குப் பதிப்புரிமை இல்லை. ஆனால் எழுத்துரு என்ற மென்பொருளுக்கு உண்டு என்று 1998இல் அங்கே ஒரு நீதிமன்றம் சொன்னது. உங்கள் பைக்கட் எந்த நாட்டுக்குப் போகிறதோ அந்த நாட்டுச் சட்டமும் கூடவே வருகிறது.

ஆகவே கருவாடோ நண்டோ தையலோ, எது விற்றாலும், அடுத்த முறை லேபல் செய்யப் போகும்போது கூச்சப்படாமல் கேளுங்கள். 'தம்பி, இந்த எழுத்து எங்கேயிருந்து எடுத்தனீங்கள்? வியாபாரத்துக்குப் பாவிக்கலாமோ?' அவர் சொல்கிற பதிலைப் பற்றுச்சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத்துருவின் பெயர், அது எந்த உரிமத்தில் வருகிறது, காசு கொடுத்து வாங்கியிருந்தால் யாருடைய பெயரில் வாங்கியது. மூன்று வரி போதும். அந்தப் பற்றுச்சீட்டை வியாபாரப் பதிவுப் பத்திரத்தோடு ஒரே கோவையில் போட்டு வையுங்கள்.