உடற்சூடும் நொதிகளும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மெட்ரிகுலேஷன் அளவே பயின்று, ரயில்வேயில் எழுத்தர் பணி புரியும் எளியேன் நான். ஆயினும் அறிந்ததைப் பகிர்தல் கடமையெனக் கருதி உங்கள்முன் நிற்கின்றேன்.

கொதிக்கும் பாலில் உறைமோர் இட்டால் தயிர் ஆகாது. சில்லிட்ட பாலிலும் ஆகாது. இளஞ்சூடே ஏற்றது என்பதைத் தாய்மார்கள் நன்கறிவர். மோரிலுள்ள நுண்ணுயிர்கள் தம் நொதிகளைக் கொண்டே பாலைத் தயிராக்குகின்றன. நம் உடலிலும் ஆயிரக்கணக்கான நொதிகள் உண்டு. உமிழ்நீர் நொதி சோற்றிலுள்ள மாவுப்பொருளைச் சர்க்கரையாக்குகின்றது. இரைப்பையின் பெப்சின் பருப்பின் புரதத்தைப் பிளக்கின்றது.

நொதியையும் அது வினைபுரியும் பொருளையும் பூட்டுக்கும் அதற்கேற்ற சாவிக்கும் ஒப்பிட்டார் ஜெர்மானிய அறிஞர் எமில் பிஷர், 1894-இல். 10 பாகை செல்சியஸ் சூடு ஏறினால் நொதியின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும். ஆனால் எல்லை மீறினாலோ, பூட்டு உருக்குலைந்துவிடும். வெந்த முட்டை மீண்டும் பச்சை முட்டையாவதுண்டோ? ஆகவேதான் உடல் தன் உட்சூட்டை 37 பாகையை ஒட்டியே காத்து வருகின்றது.

காய்ச்சல் வேறு, வெப்பத் தாக்கு வேறு. காய்ச்சலில், கிருமியை எதிர்க்க உடலே சூட்டை உயர்த்துகின்றது. வெப்பத் தாக்கிலோ, சூட்டைத் தணிக்கும் ஆற்றலையே உடல் இழக்கின்றது. நம் மும்பையின் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதுமில்லை. உட்சூடு 40 பாகையைத் தாண்டினால் மூளை தடுமாறும். புரதங்கள் நிலைகுலையத் தொடங்கும். ஈரலும் சிறுநீரகமும் பழுதுறும். 2023 ஏப்ரல் 16 அன்று, நமக்கு அண்மையிலுள்ள கார்கரில், திறந்தவெளி விழாவொன்றில் வெயிலில் அமர்ந்திருந்தோரில் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறத்தல் ஆகாது.

தாராவியின் தகரக் கூரைகளின் கீழும், செம்பூரின் மாடி வீடுகளிலும் முதியோரும் மழலையரும் வாழ்கின்றனர். வெயிலில் ஒருவர் உளறினாலோ மயங்கினாலோ, உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, ஆடை தளர்த்தி, உடலெங்கும் நீரூற்றி விசிறுங்கள், 108-ஐ அழையுங்கள். மயங்கியவர் வாயில் நீர் புகட்டாதீர்கள். காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது. ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்பற்றது.

ரயில் தவறினால் அடுத்த ரயில் உண்டு; உயிருக்கு அவ்விதம் இல்லை. அண்டை வீட்டு முதியவரைக் கோடையில் நாள்தோறும் ஒருமுறை நலம் உசாவுவோம். சங்கம் என்ற சொல்லுக்கு அதுவே பொருள்.