செவிக்கும் ஒரு பாடவேளை
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இசையமைப்பாளர்கள் பாட்டை மட்டும் விட்டுச் செல்வதில்லை. சிலர் தங்கள் எண்ணங்களையும் எழுதி வைக்கிறார்கள். அந்த எழுத்தும் இசைக்கலைஞர்களை உருவாக்குகிறது. ஒரு சான்று சொல்கிறேன்.

ஜெர்மனியின் ராபர்ட் ஷூமன் பியானோ கலைஞராக விரும்பியவர். இளமையிலேயே வலக்கை பாதிக்கப்பட்டதால் அது கைகூடவில்லை. இசையமைப்பதிலும் எழுதுவதிலும் முனைந்தார். 1848இல் மூத்த மகள் மேரியின் ஏழாவது பிறந்தநாளுக்காகச் சில எளிய பியானோ இசைகளை அமைத்தார். அது 43 இசைகள் கொண்ட இளையோர் தொகுப்பாக வளர்ந்தது. அதையொட்டி, இசை பயிலும் பிள்ளைகளுக்கான அறிவுரைகளை 1850இல் வெளியிட்டார்.

முதல் அறிவுரையே செவிப்பயிற்சி பற்றியது. மணி, சன்னல் கண்ணாடி, கூவும் பறவை என எதைக் கேட்டாலும் அதன் சுரத்தைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார். குரல் சிறியதானாலும் கருவித் துணையின்றிப் பாடிப் பழகச் சொல்கிறார். நாட்டுப்புறப் பாடல்களுக்குச் செவி கொடுக்கச் சொல்கிறார்.

நூறாண்டு கழித்து, 1953இல், ஹங்கேரி இசையமைப்பாளர் சோல்டான் கோடாய் புடாபெஸ்ட் இசைக் கல்லூரியில் உரையாற்றினார். நல்ல இசைக்கலைஞர் யார் என்பது தலைப்பு. ஷூமனின் அறிவுரைகளே அதற்கு அடிப்படை. செவி, அறிவு, உள்ளம், கை ஆகிய நான்கும் பயிற்சி பெற்று, ஒன்றுக்கொன்று இணையாக வளர வேண்டும் என்றார். ஒரு தந்தை பிள்ளைகளுக்காக எழுதியது, இன்னொரு நாட்டில் இசைக் கல்லூரி மாணவர்களுக்குப் பாடமாயிற்று.

நம் பள்ளிகள் பலவற்றில் இசை ஆசிரியரும் இல்லை, கருவியும் இல்லை. ஆனால் செவியும் குரலும் ஒவ்வொரு பிள்ளையிடமும் இருக்கின்றன. நான் தமிழாசிரியை, இசை படித்தவள் அல்லள். பள்ளி மணி அடித்ததும் அதே சுரத்தில் "ம்" என்று இசைக்கச் சொல்வேன். அடுத்துச் சாப்பாட்டுத் தட்டைத் தட்டி, எது உயர்ந்த ஒலி என்று கேட்பேன். ஐந்து நிமிடம் போதும். வாசிப்பில் தயங்கும் பிள்ளை இதில் முதலில் பதில் சொல்லும்போது வகுப்பே திரும்பிப் பார்க்கிறது. அன்று அந்தப் பிள்ளை புத்தகத்தையும் கொஞ்சம் துணிவோடு திறக்கிறது.

"உனக்குப் பாட்டு வராது" என்ற ஒரு சொல் ஒரு பிள்ளையின் வாயை வாழ்நாள் முழுதும் மூடிவிடும். அதை நாம் சொல்ல வேண்டாம். பாட்டு வேளையைக் கணக்குக்கோ அறிவியலுக்கோ கொடுத்துவிடவும் வேண்டாம். வரும் வாரம், வீட்டில் பாடும் தாலாட்டு அல்லது நடவுப் பாட்டு ஒன்றைப் பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். அவர்கள் பாடட்டும், நாம் கேட்போம்.