மணி அடிக்கும் முன்னே வகுப்பில் இருங்கள்

(வெள்ளி விழாவையொட்டித் திருவாலங்காட்டில் நடைபெற்ற மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வாழ்த்திப் பேசப் பலர் வந்திருக்கின்றனர். ஆதலால் முதலாண்டு மாணவர்க்கு நடைமுறையில் உதவுவனவற்றை மட்டும் சொல்ல விழைகிறேன். கல்லூரியில் இடம் பெறுவது ஒன்று. அவ்விடத்தில் உரிமையோடு அமர்வது மற்றொன்று. முன்னதை நீங்கள் பெற்றுவிட்டீர்கள். பின்னதைப் பற்றியதே இவ்வுரை.

நம் தாத்தா இரட்டைமலை சீனிவாசனார் 1939 ஆம் ஆண்டில் தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். கோயம்புத்தூரில் தாம் பயின்ற கல்லூரியில் ஏறக்குறைய 400 மாணவர் இருந்தனர் என்றும், பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர் என்றும் அதில் குறிப்பிடுகிறார். தம் குலமும் குடியிருப்பும் வெளிப்பட்டுவிடுமோ என்று அஞ்சி, வெளியே எங்கேனும் தனித்திருந்து படிப்பார். மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். வகுப்பு கலைந்ததும் யாரும் உடன் வராதபடி விரைந்து வீடு சேர்வார். பிறரோடு கூடி விளையாட இயலாத துயரம் அவர் உள்ளத்தை வாட்டியது. அத்தகையவர்தாம் 1893 இல் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். 1930 இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்தார்.

அன்று அவர் ஒதுங்கியதற்குச் சமூகக் கொடுமை காரணம். இன்று உங்களை வகுப்பில் சமமாக அமர்த்தச் சட்டம் இருக்கிறது. எனினும் நம் பிள்ளைகளுள் சிலர் மணி அடித்த பிறகே நுழைகின்றனர். கடைசி வரிசையில் ஒடுங்குகின்றனர். ஐயம் எழுந்தாலும் கேளாது திரும்புகின்றனர். ஆங்கிலம் வராதே என்னும் கூச்சம் ஒருபுறம், யாரோ ஏளனம் செய்வரோ என்னும் அச்சம் மறுபுறம். படிப்பு இடையில் முறிவது பெரும்பாலும் தேர்வுக் கூடத்தில் அன்று. இந்த ஒதுங்கலில்தான் அம்முறிவு தொடங்குகிறது.

ஆகவே முதல் வாரத்திலேயே முன் வரிசைகளில் ஓர் இடம் பிடியுங்கள். நம்மூரிலிருந்து சென்னை செல்வோர் மின்சார ரயிலை நம்பியுள்ளீர்கள். வேண்டியதற்கு ஒரு வண்டி முன்னதாகவே புறப்படுங்கள். வருகைப் பதிவு பொதுவாக நூற்றுக்கு 75 இருத்தல் வேண்டும். குறைந்தால் தேர்வெழுதும் வாய்ப்பே தடைபடலாம்.

ஆங்கிலத்திற்கு அஞ்ச வேண்டா. அறிவில் குறைந்தமையால் அன்று, பழக்கத்தில் குறைந்தமையாலேயே அது கடினமாகத் தோன்றுகிறது. நாள்தோறும் பாடத்தில் வரும் பத்துச் சொற்களைப் பொருளோடு எழுதுங்கள். ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். தமிழில் விளங்கிக்கொண்ட பொருளை ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள். விளங்காததை வகுப்பில் கேட்கக் கூச்சமானால், வகுப்பு முடிந்ததும் ஆசிரியரை அணுகுங்கள். பெயர் சொல்லி அழைக்குமளவு ஓர் ஆசிரியரேனும் உங்களை அறிந்திருத்தல் வேண்டும்.

பருவத் தேர்வை மட்டும் எண்ணி இருந்துவிடாதீர்கள். பல கல்லூரிகளில் நூற்றுக்கு 25 மதிப்பெண் அகத் தேர்வுக்கும் கட்டுரைகளுக்கும் உரியது. அதைத் தவறவிட்டவன் இறுதித் தேர்வில் இரட்டிப்பாக உழைக்க நேரிடும்.

நம்மூர் ஏடுகளின் பெருமை அறிந்த ஊர். இராசேந்திர சோழன் பழையனூரை இக்கோயிலுக்கு அளித்த செய்தி 31 செப்பேடுகளில் பொறிக்கப்பட்டதாலன்றோ இன்றும் நிற்கிறது! ஏட்டில் உள்ளவனுக்கே உரிமை நிலைக்கிறது. எனவே சாதிச் சான்று, வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல், கட்டண ரசீது, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் படிகளை ஒரே உறையில் காத்து வையுங்கள். விண்ணப்பம் தந்த நாளையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளி இறுதிக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை 1944 முதல் நடைமுறையில் இருப்பது. 2020 இல் திருத்தப்பட்ட நடுவணரசு விதிப்படி, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதோர் இதற்கு உரியோர். இது யாரும் இடும் பிச்சையன்று. போராடிப் பெற்ற உரிமை. கேட்பதற்கு நாணாதீர்கள். கல்லூரி அலுவலகத்தில் கெடுநாளை விசாரித்து, அதற்கு முன்னரே விண்ணப்பியுங்கள்.

நாள்தோறும் சென்று திரும்ப இயலாதோர் அரசு விடுதியை நாடுங்கள். சென்னைச் சைதாப்பேட்டையில் பெருந்தலைவர் எம்.சி. ராஜாவின் பெயரால் கல்லூரி மாணவர் விடுதி உள்ளது. அவர் பள்ளி ஆசிரியராக வாழ்வைத் தொடங்கிச் சட்டமன்றம் ஏறியவர். விடுதியில் சேர்ந்தால் உணவும் உறையுளும் மட்டுமல்ல, உடன் படிக்கும் அண்ணன்மாரும் கிடைப்பர்.

அடுத்து, வருத்தத்தோடு ஒன்று சொல்கிறேன். ரயிலிலும் பஸ்ஸிலும் ‘ரூட்டு தல’ என்று பட்டம் சூட்டிக்கொண்டு, கல்லூரிக்குக் கல்லூரி மோதும் கேடு நம் வழித்தடத்தில் உண்டு. 2024 அக்டோபரில் திருத்தணிப் பக்கத்து மாணவர் ஒருவர் இத்தகைய மோதலில் தாக்கப்பட்டு உயிர் துறந்தார். இறந்தவரும் எளிய வீட்டுப் பிள்ளை. இத்தகைய வழக்குகளில் சிறை புகுவோரும் பெரும்பாலும் எளிய வீட்டுப் பிள்ளைகளே. எவன் கூவினாலும் அக்கூட்டத்தில் நில்லாதீர்கள், படிக்கட்டில் தொங்காதீர்கள், அடுத்த பெட்டிக்குச் செல்லுங்கள்.

சாதியைச் சொல்லி யாரேனும் இழிவுபடுத்தினால் உள்ளே வைத்துப் புழுங்காதீர்கள். நாள், இடம், கண்டோர் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதி, முதல்வரிடம் எழுத்து மூலம் முறையிட்டு, படியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். பகடிவதையைத் தடுக்க 1997 லேயே தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 இல் வந்தது. வீட்டிலும் சங்கத்திலும் உடனே சொல்லுங்கள். தனியே சுமக்கும் சுமைதான் முதுகை முறிக்கும்.

ஒரு தாளில் தவறிவிட்டால் படிப்பே முடிந்ததெனக் கருதாதீர்கள். அண்ணல் அம்பேத்கர் உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917 இல் இலண்டன் படிப்பை இடையில் நிறுத்தித் தாயகம் திரும்பினார். பம்பாயில் பேராசிரியராக உழைத்துப் பொருள் சேர்த்து 1920 இல் மீண்டும் சென்றார். அவருடைய ஆய்வேடு திருத்தி எழுதுமாறு திருப்பப்பட்டது. திருத்தித் தந்து, 1923 இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். அவருக்கே திருப்பி அனுப்பிய தாள் ஒன்று இருந்ததெனின், உங்கள் அரியருக்கு நீங்கள் அழலாமா? அடுத்த பருவத்திலேயே எழுதி முடியுங்கள்.

பெற்றோர்களே, அறுவடை நாளிலும் திருவிழா நாளிலும் பிள்ளையை வகுப்பிலிருந்து நிறுத்தாதீர்கள். பெண்ணுக்கு வரன் வந்ததென்று இரண்டாம் ஆண்டில் படிப்பை நிறுத்தாதீர்கள். சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள்: பட்டம் பெற்ற ஒவ்வோர் உறுப்பினரும் ஒரு முதலாண்டு மாணவரைத் தம் பொறுப்பில் ஏற்று, மாதம் ஒருமுறை அவர்தம் மதிப்பெண்ணையும் மனநிலையையும் விசாரித்து வருவாராக. கட்டடத்தைக் காட்டிலும் இவ்விழாவுக்கு அதுவே நிலைத்த நினைவுச் சின்னமாகும்.